வடகரைச் சுவர் சொன்னது

வடகரைக் கலைக்கூடத்தில் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டித்தான் பறையடிப்பார்கள். நகரத்தில் எல்லாக் கூடங்களிலும் அப்படித்தான். ஆட்டக்காரர்கள் சுவரைப் பார்த்து நிற்பார்கள். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் அவர்களுடைய நனைந்த சட்டைகளைப் பார்த்துக் கைதட்டுவார்கள். முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இதில் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை. கலை என்றால் சுவரைப் பார்த்துச் செய்வது என்றே நினைத்து வளர்ந்தன.

எல்லாம் சுவர்ச்செவி வந்த பிறகு நடந்தது.

ஒரு அறையில் எழும் சத்தம் சுவரில் போய் முட்டுகிறது. முட்டிய இடத்தில் காரையின் துகள் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நகரும். அடுத்த சத்தம் வந்து அதைக் கலைத்துவிடும். ஆனால் ஒரே சத்தம், ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி, வருடக்கணக்கில் வந்து முட்டினால் துகள்கள் அதற்குப் பழகி அப்படியே நின்றுவிடும். ஆட்கள் நடந்து நடந்து புல்லில் ஒற்றையடிப் பாதை விழுகிற மாதிரி. சுவர்ச்செவி, இஸ்திரிப்பெட்டி அளவுள்ள கருவி. சுவரில் ஒட்டவைத்து மெல்ல நகர்த்தினால் ஒளியால் துகள்களைத் தடவிப் படித்து, அப்படிப் பாதை விழுந்த சத்தத்தை மட்டும் திருப்பிச் சொல்லும்.

வந்த புதிதில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சமையலறைச் சுவரை வாசித்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார்கள். வீடு விற்கிறவர்கள் பூச்சை உரித்துவிட்டு விற்றார்கள். அப்புறம் நகரக் கலை வாரியம் கருவியைக் கையில் எடுத்தது. அதுவரை, எங்கள் கலை பழமையானது என்று சொல்ல ஒவ்வொரு கூடமும் பழைய புகைப்படம், செப்பேடு என்று எதையாவது கொண்டுவந்து நீட்டும். பாதி போலி. இனிமேல் சுவர் சொன்னால்தான் மரபு என்று வாரியம் முடிவு செய்தது. சுவர் பேசிய கூடத்துக்கு 'மரபிடம்' என்ற பட்டம். சுவர் பேசாத கூடத்தைப் பக்கத்து மரபிடத்தோடு சேர்த்துவிடுவார்கள். அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள் எல்லாரும்.

வைகைக்குத் தெற்கே இருந்த தென்கரைக் கூடத்துக்கு முதல் வருடமே பட்டம் கிடைத்துவிட்டது. அது ஒரு காலத்தில் நெசவுக் கொட்டகையாக இருந்த கட்டடம். கருவியை வைத்ததும் சுவர் ஒரு கூட்டத்தின் குரலில் பாடியது. 'இழை மேல இழை வை, எட்டி மிதிச்சு எறி.' தறி மிதித்தவர்கள் மிதிக்கு ஒரு தடவை, தலைமுறை தலைமுறையாக அந்த ஒரே வரியைப் பாடியிருக்கிறார்கள். நகரமே போய்க் கேட்டது. தொங்கு ரயிலுக்கு அங்கே புதிதாக ஒரு நிறுத்தம் போட்டார்கள். சுவரைக் கேட்க வந்த கூட்டம் அப்படியே உட்கார்ந்து சுருளியின் பறையையும் கேட்டுவிட்டுப் போனது.

சுருளிதான் தவசிக்குப் பிரச்சினை.

தவசி வடகரைக் கூடத்தில் வரிசையின் தலையாள். பகலில் மின்வண்டி ஏற்றுநிலையத்தில் வேலை. ஐம்பதைத் தாண்டியவன், தனிக்கட்டை. சுருளியும் அவனும் ஒரே வரிசையில் தோள் உரச நின்று அடித்தவர்கள். இடது கையில் பிடிக்கிற சிண்டுக்குச்சியைச் சுருளி ரொம்ப நாள் தப்பாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். விரலைப் பிரித்து வைத்துத் திருத்தியது தவசி. பிறகு, முப்பது வயதாகும் முன்பே, சுருளிக்குத் தென்கரையில் பெண் அமைந்தது. கல்யாணம் முடிந்து ஆற்றைத் தாண்டிப் போனவன் அங்கேயே கூடத்தில் சேர்ந்துகொண்டான். போனதுகூடப் பரவாயில்லை. போன இடத்தில் நன்றாக இருந்தான். அதைத்தான் தவசியால் தாங்க முடியவில்லை.

தெற்கிலிருந்து காற்று அடிக்கும் சாயங்காலங்களில் அக்கரைக் கைதட்டல் வடகரை வரை கேட்கும். யாராவது "கைதட்டுறாய்ங்கபோல" என்று சொன்னால், "தகரத்துல மழ பெய்யுது" என்பான் தவசி. மதுரையில் மழை பெய்து மாதக்கணக்காகி இருக்கும்.

ஒரு முறை யாருக்கும் சொல்லாமல் தென்கரைக்குப் போய்க் கடைசி வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சுவரைப் பார்த்து நின்ற முதுகுகளில் சுருளியின் முதுகு எது என்று உடனே தெரிந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது. அடி ஒன்றும் புதிதாக இல்லை. இவன் சொல்லிக்கொடுத்த அதே அடி. முடிந்ததும் ஒரு பெண் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். முதல் டம்ளர் சுருளிக்குப் போனது. அவன் கேட்கக்கூட இல்லை, தானாகவே போனது. தவசி வீட்டுக்கு வந்து ஆக்கிவைத்த சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தான்.

இந்த நிலையில்தான் வாரியத்திலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மாதக் கடைசியில் வடகரைச் சுவரை வாசிப்பார்கள். சுவர் பேசாவிட்டால் வடகரை வரிசை முழுவதும் தென்கரையோடு சேரும். புதிதாகச் சேர்கிறவர்கள் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். அதாவது சுருளி தலையாள், தவசி வால்.

பேச்சியம்மாள் தையல் வேலை செய்கிறவள், வரிசையில் தவசிக்கு இடப்பக்கம் நிற்கிறவள். அவள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கே நின்றாலும் அடிக்கத்தானே போகிறோம் என்றாள்.

"நீ போயி நில்லு தாயி," என்றான் தவசி. "அவன் முதுகப் பாத்துக்கிட்டு நான் அடிக்கமாட்டேன். அதுக்குப் பறைய ஆத்துல போட்டுருவேன்."

அன்றிலிருந்து வடகரை வரிசை சுவருக்கு ஒரு முழத் தூரம்வரை நெருங்கி நின்று அடித்தது. பிறகு அரை முழம். ஒரே அடவைத் திருப்பித் திருப்பி, முன்னைவிடச் சத்தமாக அடித்தார்கள். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் முறையிட்டார்கள். உள்ளங்கை பொத்துப்போனவர்கள் துணி சுற்றிக்கொண்டு அடித்தார்கள். பார்க்க வந்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். சுவர் கேட்டால் போதும் என்று தவசி சொல்லிவிட்டான்.

வாசிக்கும் நாளும் வந்தது. வாரியத்தின் மரபாய்வாளர் நிறைமதி சின்ன வயதுக்காரி, அதிகம் பேசாதவள். பக்கத்து மரபிடத்திலிருந்து ஒருவர் சாட்சியாக வர வேண்டும் என்பது விதி. தென்கரை அனுப்பிய ஆள் சுருளி. வாசலில் வைத்தே "என்ன மாப்ள, எளச்சுட்ட?" என்றான். தவசி முதலில் பார்த்தது அவன் காலில் இருந்த புதுச் செருப்பைத்தான்.

நிறைமதி பெரிய சுவரில் கருவியை வைத்து நகர்த்தினாள். கருவியிலிருந்து வந்தது ஒரு இரைச்சல், தூரத்தில் லாரி போகிற மாதிரி. ஒரு அடிகூடத் தனியாகக் கேட்கவில்லை. இன்னும் மேலே, இன்னும் கீழே என்று தவசி கூடவே நடந்தான். எல்லா இடத்திலும் லாரிதான் போனது.

இவ்வளவு சத்தமாக அடித்தோமே என்று யாரோ கேட்டார்கள். சத்தம் ஒரு பொருட்டே இல்லை என்றாள் நிறைமதி. பத்துப் பேர் அடிக்கிறீர்கள், ஒவ்வொரு நாளும் கை ஒரு நூல் முந்தும், ஒரு நூல் பிந்தும். தறிக்காரர்களுக்குத் தறி பிடித்துக்கொண்டது, அதனால் பாட்டு மாறவில்லை.

"உங்க கை மாறிக்கிட்டே இருக்கு ஐயா. அது நல்ல கை. ஆனா செவருக்கு அது பிடிபடாது. அதுக்குப் பழக்கம்தான் பிடிபடும்."

தவசி தரையைப் பார்த்தான். சுருளி அவனைப் பார்த்தான். எல்லாச் சுவரையும் ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி என்பதால் நிறைமதி கருவியை எடுத்துக்கொண்டு மற்றச் சுவர்களுக்குப் போனாள். கடைசியாகப் பின்பக்க மூலைக்கு வந்தாள்.

அந்த மூலையில்தான் சூட்டுத்தட்டு இருந்தது. பறையைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. தோல் சூடேறி விறைத்தால்தான் சத்தம் எழும். நகரத்துக்குள் விறகு மூட்டக் கூடாது என்று ஆன பிறகு எல்லாக் கூடங்களிலும் மின்தட்டுதான். வடகரையில் மின்செருகும் துளை சுவரில் தரையோடு ஒட்டி இருந்ததால், சுவரைப் பார்த்துக் குந்தி உட்கார்ந்துதான் காய்ச்ச முடியும். வாய்க்கும் சுவருக்கும் ஒரு சாண் இருக்கும். தலையாள் முதலில் காய்ச்ச வேண்டும். அதனால் தினமும் சாயங்காலம் தவசி அங்கே குந்தி, விரலால் தோலைத் தட்டிப் பதம் பார்ப்பான். மற்றவர்கள் பின்னால் காத்திருப்பார்கள்.

நிறைமதி கருவியை வைத்தாள். நான்கு விரல் தட்டு கேட்டது. பிறகு தவசி பேசினான், சுவருக்குள்ளிருந்து.

'சுருளிக்கென்ன, சொகமா இருக்கான். கையி நம்ம கையி. அடி நம்ம அடி. கைதட்டு மட்டும் அவனுக்கு.'

மறுபடி நான்கு விரல் தட்டு. மறுபடி அதே வார்த்தை. கருவியைக் கொஞ்சம் ஆழத்துக்குத் திருப்பினாள். அதே வார்த்தை, இளவயதுக் குரலில். மேலே கொண்டுவந்தால் கரகரத்த குரலில். எல்லா ஆழத்தையும் ஒன்றாகத் திறந்தபோது, ஒரே ஆள் தனக்குத் தானே ஒத்துப்பாடுகிற மாதிரி கூடம் முழுவதும் நிறைந்தது. அவ்வளவு சுத்தமான குரலைத் தென்கரைச் சுவர்கூடத் தந்ததில்லை.

பேச்சி முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள்.

"ஏதோ ஒரு நா ரெண்டு நா சொல்லியிருப்பேன்," என்றான் தவசி, யாரையும் பார்க்காமல்.

"தெனந்தான்ணே," என்றாள் பேச்சி. "நீங்க மூணு தடவ சொன்னா தோலு காஞ்சிருச்சுன்னு அர்த்தம். அத வச்சுத்தான நாங்க எந்திரிப்போம்."

நிறைமதி சிரிக்கவில்லை. ஒரே ஆளின் குரல், ஒரே இடம், தடங்கல் இல்லாத தொடர்ச்சி, வேறெந்தக் கூடத்திலும் இல்லாத சொல். வடகரைக்கு மரபிடப் பட்டம் உறுதி என்றாள். சாட்சி கைரேகை வைக்க வேண்டும் என்றாள். சுருளி வந்து வைத்தான்.

கூடம் பிழைத்துவிட்டது. தவசிக்கு எங்காவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. வாசலில் சுருளி காத்திருந்தான். சண்டைக்கு நிற்கிறான் என்று நினைத்துத் தவசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

"எங்க செவத்துல அம்புட்டுப் பேரு பாடுறாய்ங்க மாப்ள," என்றான் சுருளி. "எம் பேரு ஒரு எடத்துல இல்ல. நாளைக்கு நான் போய்ச் சேந்துட்டா, நான் அங்க நின்னேங்கிறதுக்கு ஒண்ணும் கெடையாது. இங்க வந்தா மொத வார்த்தையே நாந்தான்."

சொல்லிவிட்டுக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வை தவசிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறதுதான்.

அதற்குப் பிறகு நகரம் வடகரைக்குத் திரும்பியது. நெசவுப் பாட்டு அழகாக இருந்தது, ஆனால் அது யாரோ செத்துப்போனவர்களின் பாட்டு. தவசியின் குரலைக் கேட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் தன் சொந்த மனசு பேசுகிற மாதிரி இருந்தது. அலுவலகத்தில் தன்னைத் தாண்டிப் போனவன், வாங்காமல் விட்ட மனையை வாங்கியவன், இப்படி ஆளுக்கு ஒரு சுருளி இருந்தான். கூட்டம் மூலையில் முண்டியடித்தது. 'கைதட்டு மட்டும் அவனுக்கு' என்று ஆட்டோக்காரர்கள் பின்கண்ணாடியில் எழுதிக்கொண்டார்கள். பாதிக் கூடங்களில் பறையையும் கோலாட்டக் குச்சியையும் கீழே வைத்துவிட்டு, மூலைக்கு ஒருவராகக் குந்தி யாரையாவது திட்டி முணுமுணுக்கப் பழகினார்கள். பொறாமைப்பட ஆள் கிடைக்காத ஒரு கூடம் அடுத்த தெருவில் ஒருவரைக் கேட்டு ஏற்பாடு செய்துகொண்டதாகவும் கேள்வி.

தவசி சுவரை விட்டுத் திரும்பி ஜனங்களைப் பார்த்து நின்றான். வாயும் பல்லுமாக முகங்கள். அவர்கள் கைதட்டும்போது கை மட்டும் இல்லை, முகமும் ஆடுகிறது என்பது அவனுக்குப் புதுச் செய்தி. மூலையில் குந்தி வார்த்தையைச் சொல்வான், ஜனங்கள் தட்டுவார்கள், எழுந்து வந்து அடிப்பான், மறுபடி தட்டுவார்கள். டீ முதலில் அவனுக்கு வந்தது. சோறு இறங்கியது. தெற்குக் காற்று அடித்த ஒரு சாயங்காலம் அக்கரையிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. அப்புறம் அதையும் மறந்துவிட்டான்.

வருடம் திரும்பியதும் நிறைமதி வந்தாள். பேசுகிறவர் உயிரோடு இருந்தால் அது உயிர்மரபு. அதைத் தினமும் தொடர வேண்டும். புதுக் குரல் பழைய தடத்தில் பொருந்தி விழுகிறதா என்று வருடா வருடம் பார்ப்பார்கள். தவசி உற்சாகமாகக் குந்தி, நான்கு தட்டுத் தட்டிச் சொன்னான். கருவி சிவப்புக் காட்டியது. மறுபடி சொன்னான். மறுபடி சிவப்பு.

"வார்த்தை சரியா இருக்கு ஐயா. ஆள் மாறிட்டீங்க," என்றாள் நிறைமதி. "இப்ப சொல்றது அவரை வாழ்த்துற மாதிரி இருக்கு. பழைய தடத்தை இது அழிச்சுக்கிட்டு வருது."

ஒரு மாதம் அவகாசம் கொடுத்தாள். அதற்குள் பொருந்தாவிட்டால் பட்டம் போகும். பட்டம் போனால் கூடம் போகும்.

தவசி உண்மையாகவே முயன்று பார்த்தான். சுருளியின் புதுச் செருப்பை நினைத்தான். அந்த முதல் டம்ளர் டீயை நினைத்தான். சிண்டுக்குச்சியைப் பிடிக்கத் தெரியாத அந்த விரல்களை நினைத்தான். வயிறு எரியவே இல்லை. தென்கரையில் இப்போது நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன, சுருளி நாலு பேருக்கு முன்னால் அடிக்கிறான் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. பாவம் என்றுதான் தோன்றியது. பாவம் என்று தோன்றியதும் குரல் இன்னும் கெட்டுப்போனது.

பேச்சி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பாலத்தைத் தாண்டிப் போனாள். திரும்பும்போது சுருளியும் கூட வந்தான், பறையோடு. இனி அவன் இங்கே வடகரையில் அடிப்பான் என்று வரிசையைக் கூப்பிட்டுச் சொன்னாள். தவசி மூலையில் சொல்லி முடித்ததும் சுருளி தனியாக நடுவில் நின்று அடிக்க வேண்டும். ஜனங்களும் வரிசையும் அவனுக்கு மட்டும் தட்ட வேண்டும். தவசி அடிக்கும்போது ஒருவரும் தட்டக் கூடாது. வாசலில் நுழையும்போதே ஜனங்களிடம் இதைச் சொல்லி விடுவார்கள்.

பிறகு தவசியிடம் வந்தாள்.

"அண்ணே, இது ஏற்பாடுண்ணே. கூடத்துக்காகத்தான் செய்யிறோம். நீங்க இத மனசுல வச்சுக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்தாள். "இல்ல, வச்சுக்கணும்."

தவசி விழுந்து விழுந்து சிரித்தான். ஏற்பாடு என்று தெரிந்த பிறகு எப்படி எரியும் என்று கேட்டான். சுருளியும் சிரித்தான். இரண்டு பேரும் பழைய நாள் மாதிரி ஒரே தட்டில் பஜ்ஜி தின்றார்கள்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. ஜனங்கள் சொல்லிவைத்தபடி தட்டினார்கள், தவசி அதைப் பார்த்துக் கண்ணடித்தான். இரண்டு மூன்று நாள் போனது. சுருளி நடுவில் நின்று தலையைச் சாய்த்துக்கொள்கிற விதம் எப்போதிலிருந்து வந்தது என்று தவசி யோசித்தான். நம்மிடம் இருந்தபோது அது கிடையாது. அடுத்த வாரம், ஒரு குடும்பம் சுருளியோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. இவரையும் கூப்பிடுங்கள் என்று சுருளி பெரிய மனசோடு தவசியைக் காட்டினான். வேண்டாம் என்று தவசி பறைக்கு உறை போட்டான். உறையின் வார் வழக்கமான துளையில் மாட்ட மறுத்தது. அன்று சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்தான்.

இது ஏற்பாடு, ஏற்பாடு என்று நடந்துபோகும்போதெல்லாம் சொல்லிக்கொண்டான். ஏற்பாடு என்றால் எதற்கு எழுந்து நின்று தட்டுகிறார்கள்? உட்கார்ந்து தட்டினால் போதாதா?

மாதம் முடிந்து நிறைமதி வந்தபோது கூடம் நிரம்பியிருந்தது. தவசி மூலைக்குப் போய்க் குந்தினான். யாரையும் பார்க்கவில்லை. நான்கு தட்டுத் தட்டிச் சொன்னான். கருவி பச்சை காட்டியது. நிறைமதி ஆழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொருந்தியது மட்டும் இல்லை, பழைய தடத்தைவிட ஆழமாக விழுந்திருக்கிறது என்றாள். இப்படி அவள் எங்கேயும் பார்த்ததில்லை. இந்த ஏற்பாட்டையே நிரந்தரமாக்க வாரியத்துக்குப் பரிந்துரை செய்வதாகச் சொன்னாள். சுருளி ஐயா எப்போதும் இங்கேயே இருக்க வேண்டும், அவர் இல்லாவிட்டால் இந்த மரபு நிற்காது.

கூடம் அதிர்ந்தது. நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். வடகரையைக் காப்பாற்றியவன் என்று சுருளியைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். அவன் மேலேயிருந்து "மாப்ள, வா, வா" என்று கையை நீட்டினான். தவசி பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. ஏற்பாட்டின்படி திரும்பவும் கூடாது.

பேச்சி மட்டும் மூலைக்கு வந்து அவன் பக்கத்தில் குந்தினாள். தட்டில் அவள் பறை காய்ந்துகொண்டிருந்தது.

"பேச்சி, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லு," என்றான் தவசி. "இத்தன நாளும் அவனுக்கு நீங்கள்லாம் தட்டுனது கூடத்துக்காகத்தான?"

பேச்சி தோலைத் தட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் காய வேண்டியிருந்தது.

"மொத நாளு கூடத்துக்காகத்தான்ணே தட்டுனோம்," என்றாள்.